நில அளவைக்காரன் பார்த்த ஹாலிவுட்: சில படங்கள், சில தீர்ப்புகள்

துப்பாக்கிச் சண்டை ஒன்று திரையில் தொடங்கினால் எனக்கு முதலில் தெரிய வேண்டியது யார் எங்கே நிற்கிறார்கள் என்பதுதான். கதாநாயகன் தூணுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? எதிரி மாடியிலா, தெருவிலா? இருவருக்கும் நடுவே எத்தனை அடி? இது தெரியாவிட்டால் எத்தனை கார் வெடித்தாலும் எனக்குக் கொட்டாவிதான் வரும். எங்கே நிற்கிறான் என்றே தெரியாத ஒருவனின் உயிருக்காக நான் ஏன் பதற வேண்டும்?

பணிக்காலம் முழுவதையும் நில அளவைத் துறையில் சங்கிலியோடும் எல்லைக்கல்லோடும் கழித்தவன் நான். படம் பார்க்கும்போது பக்கத்தில் ஒரு தாளும் பென்சிலும் இருக்கும். சண்டை முடிந்ததும் அந்த இடத்தைக் குத்துமதிப்பாக வரைய முடிந்தால் படம் தேறியது. “மாமா, நீங்கள் படம் பார்க்க வந்தீர்களா, பட்டா மாறுதலுக்கு வந்தீர்களா?” என்று அக்காள் மகன் கேட்பான். கேட்கட்டும். ஹாலிவுட்டின் உருப்படியான அதிரடிப் படங்களை எடுத்தவர்களுக்கும் இதே கோளாறு இருந்திருக்கிறது. கீழே வருபவற்றில் பெரும்பாலானவை பழைய படங்கள். முடிவுகளைத் தயங்காமல் சொல்லிவிடுவேன்.

'டை ஹார்ட்' (1988) படத்திலிருந்து தொடங்குகிறேன். லாஸ் ஏஞ்சலிஸில் ஓர் அலுவலகக் கோபுரம், கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, ஊருக்குப் புதிதாக வந்த ஒரு நியூயார்க் போலீஸ்காரர், உள்ளே புகுந்துவிட்ட ஒரு கொள்ளைக் கூட்டம். நகடோமி பிளாசா என்று படத்தில் வரும் கட்டடம் செஞ்சுரி சிட்டியில் இருக்கும் ஃபாக்ஸ் பிளாசா. தயாரிப்பு நிறுவனம் தன் சொந்தத் தலைமையகத்திலேயே படம் எடுத்துக்கொண்டது. கட்டடமும் அப்போது புத்தம் புதிது. இயக்குநர் ஜான் மெக்டியர்னன் அவசரப்படாமல் நமக்கு அந்த இடத்தைச் சுற்றிக் காட்டுகிறார். விருந்து நடப்பது முப்பதாவது மாடி. அதற்கு மேலே வேலை முடியாத தளங்கள், அதற்கும் மேலே மொட்டை மாடி, எல்லாவற்றையும் இணைக்கும் லிஃப்ட் சுரங்கமும் காற்றுக் குழாய்களும். கட்டுமான வேலை நடக்கும் பகுதியில் தொழிலாளர்கள் சுவரில் ஒட்டிவைத்த ஒரு பெண்ணின் படத்தை புரூஸ் வில்லிஸ் ஓடுகிற ஓட்டத்தில் கவனிக்கிறார். பிறகு அதே வழியில் வரும்போது அதே படம். அவருக்கும் நமக்கும் ஒரே நேரத்தில் இடம் பிடிபட்டுவிடுகிறது. எல்லைக்கல் நடுவது என்றால் இதுதான்.

ஆலன் ரிக்மனுக்கு இது முதல் சினிமா. இறுதியில் உயரத்திலிருந்து விழும் காட்சியில், சொல்லிவைத்த எண்ணிக்கை முடிவதற்கு முன்பே அவரை விட்டுவிட்டார்கள். முகத்தில் தெரியும் திடுக்கிடல் அசல். இன்னொரு வேடிக்கை: மூல நாவல், ஃபிராங்க் சினாட்ரா 1968-ல் நடித்த ஒரு படத்தின் மூலக்கதைக்குத் தொடர்ச்சி. அதனால் ஒப்பந்தப்படி இந்த வேடத்தை முதலில் சினாட்ராவிடம்தான் கேட்க வேண்டியிருந்தது. அப்போது அவருக்கு வயது எழுபதை ஒட்டி. அவர் மறுத்தது சினாட்ராவின் முழங்கால்களுக்கும் நமக்கும் நல்லது.

பின்னால் வந்த பாகங்களில் களம் கட்டடத்திலிருந்து விமான நிலையம், நகரம், நாடு என்று பெருத்துக்கொண்டே போனது. பரப்பு கூடக் கூட விறுவிறுப்பு இளைத்தது. மெக்டியர்னன் திரும்பி வந்து எடுத்த மூன்றாம் பாகம் (1995) மட்டும் பரவாயில்லை. மற்றவற்றைத் தொலைக்காட்சியில் போட்டால்கூட நான் எழுந்து காபி போடப் போய்விடுவேன்.

அதே 1995-ல் வந்த 'ஹீட்' படத்தை என் அளவுகோலின் உச்சியில் வைக்கிறேன். மைக்கேல் மான் இதே கதையை 1989-ல் ஒரு தொலைக்காட்சிப் படமாக எடுத்துப் பார்த்தவர். இரண்டாம் முறை கையில் பணமும் அல் பாச்சினோவும் ராபர்ட் டி நீரோவும் கிடைத்தார்கள். எல்லோரும் அந்த இருவரும் காபிக் கடையில் எதிரெதிரே உட்காரும் காட்சியைப் பேசுவார்கள். நல்ல காட்சிதான். ஆனால் என் ஓட்டு வங்கிக்கு வெளியே நடக்கும் சண்டைக்கு. லாஸ் ஏஞ்சலிஸ் நகர மையம், பட்டப்பகல். கொள்ளையர் பணப்பையோடு வெளியே வந்து காத்திருக்கும் காரை நோக்கி நடக்கிறார்கள். போலீஸ் வந்துவிட்டதை வால் கில்மர் முதலில் பார்க்கிறார், சுடத் தொடங்குகிறார். அதற்குப் பிறகு ஒவ்வொரு நொடியிலும் கார் எங்கே, போலீஸ் தடுப்பு எங்கே, தப்பிக்க எந்தத் திசை மிச்சம் என்று நமக்குத் தெரியும். ஒருவன் சுடும்போது மற்றவன் பின்வாங்குகிறான். பிறகு அவன் நின்று சுட, இவன் நகர்கிறான். நடிகர்களுக்கு ஆண்டி மெக்னாப் என்ற முன்னாள் பிரிட்டிஷ் சிறப்புப் படை வீரர் பயிற்சி கொடுத்ததன் பலன் அது.

சத்தத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஸ்டுடியோவில் துப்பாக்கி ஒலியைப் பின்னால் சேர்ப்பதுதான் வழக்கம். மானோ தெருவில் படமெடுத்தபோது பதிவான வெடிச்சத்தத்தையே பெரும்பாலும் வைத்துக்கொண்டார். உயரமான கட்டடங்களில் மோதித் திரும்பும் அந்த எதிரொலியை வைத்தே தெருவின் அகலத்தைக் கணக்குப் போட்டுவிடலாம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் இடம் தெரியும் ஒரு சண்டைக் காட்சி வேறெதுவும் என் நினைவில் இல்லை. இறுதிக் காட்சி விமான நிலைய ஓடுபாதையில்: விமானம் இறங்கும்போது விளக்குகள் எரிகின்றன, ஒளிந்திருப்பவனின் நிழல் விழுகிறது, அவன் இருக்கும் இடம் தெரிந்துபோகிறது. ஒரு நிழலின் நீளத்தில் முடிகிறது படம்.

குறை உண்டு. 170 நிமிடம். பாச்சினோவின் வீட்டுச் சண்டைகளில் இருபது நிமிடத்தைக் கத்தரித்திருந்தால் யாரும் அழுதிருக்க மாட்டார்கள்.

மானின் 'கொலேட்டரல்' (2004) இன்னும் சின்னது, இன்னும் கறாரானது. ஜேமி ஃபாக்ஸ் டாக்ஸி ஓட்டுநர். எந்தச் சாலையில் போனால் எத்தனை நிமிடம் என்று துல்லியமாகச் சொல்வார், வேறு வழி சிறந்தது என்று வாதிடும் பயணியோடு இலவசப் பயணம் பந்தயம் கட்டுவார். இப்படி ஒரு மனிதரை எனக்குப் பிடிக்காமல் போகுமா? டாம் குரூஸ் கூலிக்கொலையாளி. ஒரே இரவு. பெரும் பகுதியை டிஜிட்டல் கேமராவில் எடுத்ததால் லாஸ் ஏஞ்சலிஸின் இரவு வானம் கருப்பாக இல்லாமல், உண்மையில் இருப்பதுபோல் ஆரஞ்சும் சாம்பலுமாகத் தெரியும். கடைசி இருபது நிமிடம் வழக்கமான துரத்தலாகிவிடுவது வருத்தம்.

கார் துரத்தல் என்றால் எல்லோரும் 'புல்லிட்' (1968) என்பார்கள். சான் பிரான்சிஸ்கோவின் மேடு பள்ளங்களில் ஸ்டீவ் மெக்குவீனின் பச்சை மஸ்டாங்கும் கறுப்பு டாட்ஜ் சார்ஜரும் பத்து நிமிடத்துக்கு மேல் துரத்திக்கொள்கின்றன. துரத்தல் சூடுபிடித்ததும் இசை நின்றுவிடுகிறது. எஞ்சின் சத்தம் மட்டும்தான். அதற்கு ஒரு சபாஷ். ஆனால் தாளும் பென்சிலும் வைத்துப் பார்த்தால் அழுகை வரும். ஒரு திருப்பத்தில் நகரத்தின் ஒரு மூலை, அடுத்த திருப்பத்தில் அதற்குத் தொடர்பே இல்லாத இன்னொரு மூலை. அதே பச்சை ஃபோக்ஸ்வேகனை அவர்கள் திரும்பத் திரும்ப முந்துகிறார்கள். சார்ஜரிலிருந்து கழன்று விழும் சக்கர மூடிகளை எண்ணினால் அதற்கு நான்குக்கு மேல் சக்கரங்கள் இருந்திருக்க வேண்டும். படத்தொகுப்புக்கு ஆஸ்கர் கொடுத்தார்கள். கொடுத்தவர்களில் சான் பிரான்சிஸ்கோவாசிகள் குறைவு போலிருக்கிறது.

மூன்று ஆண்டு கழித்து வந்த 'தி ஃப்ரெஞ்ச் கனெக்‌ஷன்' இதைச் சரியாகச் செய்தது. புரூக்ளினில் தூண்கள் மேல் ஓடும் ரயிலில் கொலைகாரன். அடியிலுள்ள சாலையில் காரில் ஜீன் ஹேக்மன். மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. அவ்வளவுதான் வரைபடம். குழந்தைக்கும் புரியும், அதனால்தான் பெரியவர்களுக்கு வியர்க்கும். சில பகுதிகளை முறையான அனுமதி இல்லாமல் எடுத்ததை இயக்குநர் வில்லியம் ஃப்ரீட்கினே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். உண்மையான போக்குவரத்துக்கு நடுவே ஓட்டியிருக்கிறார்கள். துணிச்சல் என்று நான் பாராட்ட மாட்டேன். தெருவில் போனவர்களின் உயிர் அவர் வீட்டுச் சொத்தில்லை. படம் என்னவோ அபாரம்.

'ஸ்பீட்' (1994): மணிக்கு 50 மைலுக்குக் கீழே வேகம் குறைந்தால் பஸ் வெடிக்கும். இதைவிடச் சுருக்கமான கதை கிடையாது. இயக்குநர் யான் டி பாண்ட்தான் 'டை ஹார்ட்' படத்தின் ஒளிப்பதிவாளர். அந்தப் பள்ளிக்கூடத்தின் மாணவர். கட்டி முடியாத மேம்பாலத்தின் இடைவெளியை பஸ் தாண்டும் காட்சியை அப்போது திறக்கப்படாமலிருந்த நெடுஞ்சாலையில் எடுத்தார்கள். உண்மையில் பாலம் முழுதாகவே இருந்தது; இடைவெளியைக் கணினி வழியாகச் செய்தார்கள். சமதளச் சாலையில் போகும் பஸ் எப்படி மூக்கைத் தூக்கிக்கொண்டு மேலே எழும்பும் என்று கேட்காதீர்கள். நான் கேட்டேன். வீட்டில் யாரும் பதில் சொல்லவில்லை.

'தி ஃப்யூஜிடிவ்' (1993) படத்தில் ரயில் மோதும் காட்சிக்காக வட கரோலினாவில் உண்மையான ரயிலையே மோதவிட்டார்கள். சிதைந்த எஞ்சின் அங்கேயே கிடந்து பின்னாளில் சுற்றுலாப் பயணிகள் பார்க்கும் பொருளாகிவிட்டது. டாமி லீ ஜோன்ஸ் அதற்கடுத்த நிமிடமே வந்து, தப்பியவன் இத்தனை நேரத்தில் எத்தனை மைல் போயிருப்பான் என்று கணக்குப் போட்டு வட்டம் கட்டுகிறார். ஆஸ்கர் நியாயமாகவே கிடைத்தது.

'மேட் மேக்ஸ்: ஃபியூரி ரோட்' (2015). ஹாலிவுட் பணம், ஆஸ்திரேலியக் கை. ஒரு நேர்கோட்டில் போகிறார்கள். அதே நேர்கோட்டில் திரும்பி வருகிறார்கள். இதற்கு வரைபடம் போட எனக்கு அரை நிமிடம் ஆனது. கதை இல்லை என்று குறை சொல்பவர்களிடம் நான் பேசுவதில்லை. ஆஸ்திரேலியாவின் பிரோக்கன் ஹில் பகுதியில் எடுப்பதாக இருந்தது. நல்ல மழை பெய்து பாலைவனத்தில் பூ பூத்துவிட்டதால் நமீபியாவுக்குப் போனார்கள். ஏறத்தாழ 480 மணி நேரப் பதிவிலிருந்து இரண்டு மணி நேரத்தைப் பிரித்தெடுத்தவர் மார்கரெட் சிக்ஸெல், இயக்குநர் ஜார்ஜ் மில்லரின் மனைவி. அதற்கு முன் அதிரடிப் படம் எதையும் அவர் தொகுத்ததில்லை. வெட்டுகள் ஆயிரக்கணக்கில் இருந்தும் நாம் ஏன் தொலைந்துபோவதில்லை? பார்க்க வேண்டிய பொருளைச் சட்டகத்தின் நடுவிலேயே வைத்து எடுத்திருக்கிறார்கள். காட்சி மாறினாலும் கண் அலைய வேண்டியதில்லை. தியோடலைட் என்ற அளவைக் கருவியில் இலக்கை மையக் குறுக்குக் கோட்டில் வைக்கிற ஒழுக்கம்தான் அது. ஆறு ஆஸ்கர் வாங்கியது, அதிலொன்று சிக்ஸெலுக்கு.

இனி வசவு. 'தி பார்ன் அல்டிமேட்டம்' (2007) நல்ல படம். ஆனால் அது பெற்ற பிள்ளைகள் தறுதலைகள். கேமரா நடுங்குவதையும் ஒரு நொடிக்கு ஒரு வெட்டையும் எல்லோரும் அதிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். லண்டன் வாட்டர்லூ ரயில் நிலையத்தில் பார்ன் ஒரு பத்திரிகையாளரைத் தொலைபேசியிலேயே வழிநடத்தும் காட்சியில் என்ன நடக்கிறது என்பதை யாரும் கவனிக்கவில்லை. நில், குனி, இந்தப் பக்கம் போ, அங்கே பார் என்று பார்னாக வரும் மேட் டேமன் சொல்லிக்கொண்டே போகிறார். கேமரா எவ்வளவு ஆடினாலும் அந்தப் பேச்சே வரைபடம். 2008-ல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படமான 'குவாண்டம் ஆஃப் சோலஸ்' ஆட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. தொடக்கத்துக் கார் துரத்தலில் எந்தக் கார் பாண்டின் கார் என்று நான் கேட்டபோது, அக்காள் மகனும் முழித்தான். 'டேக்கன் 3' (2014) படத்தில் லியாம் நீசன் ஒரு வேலியைத் தாண்டுவதற்குச் சில நொடிகளில் பத்துக்கும் மேற்பட்ட வெட்டுகள். வேலி என் சர்வே எண்ணிலா, பக்கத்து எண்ணிலா என்றே தெரியவில்லை. 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' வரிசையைப் பற்றி ஒரே வாக்கியம்: இரும்புக்கடையைத் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டு அதில் நல்ல ஆணி எது, கெட்ட ஆணி எது என்று கேட்கிறார்கள்.

இந்த நோய்க்கு மருந்தாக வந்தது 'ஜான் விக்' (2014). இயக்கிய சாட் ஸ்டஹெல்ஸ்கி, 'தி மேட்ரிக்ஸ்' படத்தில் கீயானு ரீவ்ஸுக்குப் பதிலாகச் சண்டைக் காட்சிகளில் நடித்தவர். அடி வாங்கியவருக்கு அடி எங்கிருந்து வருகிறது என்று தெரியும். முதல் படம் போதும். நான்காவதை உட்கார்ந்து பார்க்க எனக்கு இடுப்பு வலிமை போதவில்லை.

அறிவியல் புனைகதைக்கு வருகிறேன். இங்கே என் பென்சிலுக்கு வேலை அதிகம். இல்லாத இடத்தை நம்பவைப்பது இருக்கும் இடத்தைக் காட்டுவதைவிடக் கடினம்.

ரிட்லி ஸ்காட்டின் 'ஏலியன்' (1979) படத்தில் கப்பல் தலைவர் டல்லஸ் காற்றுக் குழாய்க்குள் ஊர்ந்து போகிறார். மற்றவர்கள் ஒரு திரையில் அவரை ஒரு புள்ளியாகப் பார்க்கிறார்கள். திடீரென்று இன்னொரு புள்ளி. அது அவரை நோக்கி நகர்கிறது. மிருகத்தைக் கடைசிக் கணம்வரை காட்டாமல் வெறும் வரைபடத்தை வைத்தே பயமுறுத்திய காட்சி.

ஏழு ஆண்டு கழித்து ஜேம்ஸ் கேமரூன் எடுத்த 'ஏலியன்ஸ்' (1986) அதை இன்னும் ஒரு படி கொண்டுபோனது. தொலைதூரக் குடியேற்றம் ஒன்றில் சிக்கிக்கொண்ட வீரர்களும் நாயகி ரிப்ளியும் முதலில் என்ன செய்கிறார்கள் தெரியுமா? கட்டடத்தின் வரைபடத்தை விரித்து உட்காருகிறார்கள். எந்தக் கதவை வெல்டிங் செய்து அடைப்பது, எந்த வழியைத் தடுப்பது என்று திட்டம் போடுகிறார்கள். அசைவைக் காட்டும் கருவி ஒன்று கையில் இருக்கிறது. அது தூரத்தை மீட்டரில் சொல்லும். இரவில் கருவி அலறுகிறது. தூரத்தைப் படிக்கப் படிக்கக் குறைந்துகொண்டே வருகிறது. ஒரு கட்டத்தில் கருவி சொல்லும் தூரம் அறையின் நீளத்தைவிடக் குறைந்துவிடுகிறது. அப்படியென்றால் அந்த மிருகங்கள் உள்ளே இருக்க வேண்டும். அறையில் ஒன்றும் இல்லை. கருவியைச் சரியாகப் படிக்கவில்லை என்று ஒருவர் மீது ஒருவர் பாய்கிறார்கள். பிறகு வீரர்களில் ஒருவரான ஹிக்ஸ் மேலே பார்க்கிறார். தொங்கு கூரையின் பலகையைத் தூக்கி விளக்கடித்தால், கூரைக்கு மேலே அவை தலைகீழாக ஊர்ந்து வந்துகொண்டிருக்கின்றன.

இந்தக் காட்சியைப் பார்த்த அன்று நான் எழுந்து நின்றுவிட்டேன். நீள அகலத்தை அளந்தார்கள், உயரத்தை விட்டுவிட்டார்கள். கருவி பொய் சொல்லவில்லை. வரைபடமும் பொய் சொல்லவில்லை. அதற்கு மேல்தளம் என்ற ஒன்று தெரியாது, அவ்வளவுதான். கிணற்றின் ஆழத்தைக் கேட்காமல் பரப்பை மட்டும் எழுதிக்கொண்டு வந்த புதிய ஊழியர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களை யாரும் தின்னவில்லை என்பது அவர்கள் அதிர்ஷ்டம்.

கேமரூனின் 'டெர்மினேட்டர் 2' (1991) படத்தில் எல்லோரும் உருகும் உலோக மனிதனையே பேசுவார்கள். கணினி வரைகலை அந்தப் படத்தில் சில நிமிடங்களுக்கு மேல் கிடையாது. ஒரே ஆள் இருவராகத் தெரிய வேண்டிய இடங்களில் இரட்டையர்களையே நடிக்கவைத்தார்கள்: மருத்துவமனைக் காவலருக்கு ஓர் இரட்டைச் சகோதரர், லிண்டா ஹாமில்டனுக்கு அவருடைய சொந்த இரட்டைச் சகோதரி. எனக்குப் பிடித்தது வெள்ள வடிகால் துரத்தல். இருபுறமும் கான்கிரீட் சுவர். நடுவே மோட்டார் சைக்கிளில் சிறுவன், பின்னால் லாரி, மேலே கரையோரமாக ஷ்வார்ஸ்நெகர். மூன்று கோடுகள் எங்கே சேரும் என்பதுதான் கேள்வி.

1982 ஜூன் 25 அன்று 'பிளேட் ரன்னர்', 'தி திங்' இரண்டும் அமெரிக்காவில் ஒரே நாளில் வெளியாகின. இரண்டு வாரம் முன்பே ஸ்பீல்பெர்க்கின் அன்பான வேற்றுக்கிரகவாசி திரையரங்குகளைப் பிடித்துக்கொண்டிருந்தார். இரண்டும் வசூலில் தோற்றன. இன்று இரண்டையும் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். 'தி திங்' கொண்டாட்டத்தில் நானும் உண்டு: அண்டார்டிகாவில் பன்னிரண்டு ஆண்கள், அவர்களில் யார் மனிதர் என்று தெரியாது. என் விதியை இந்தப் படம் மீறுகிறது. யார் எப்போது எங்கே இருந்தார்கள் என்பதை வேண்டுமென்றே மறைக்கிறது. மறைப்பது வேறு, தொலைப்பது வேறு. ஜான் கார்ப்பென்டர் எதையும் தொலைக்கவில்லை. 'பிளேட் ரன்னர்' பார்க்க அழகு, ரட்கர் ஹாவரின் கடைசிப் பேச்சு அழகு, ஹாரிசன் ஃபோர்டின் பாத்திரம் தூக்கக் கலக்கம். ஒரு புகைப்படத்தை இயந்திரத்தில் செருகிப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, சுவர் மறைக்கும் மூலைக்குப் பின்னால் இருப்பதைக்கூடப் பார்க்கும் காட்சி வருகிறது. அந்த இயந்திரம் எங்கள் அலுவலகத்தில் இருந்திருந்தால் பாதி எல்லைத் தகராறுகள் தீர்ந்திருக்கும்.

'இன்டர்ஸ்டெல்லார்' (2014) படத்தின் நீர்க்கிரகம் மட்டும் போதும் எனக்கு. அங்கே ஒரு மணி நேரம், பூமியில் ஏழு ஆண்டு. தாமதத்துக்கு விலை இவ்வளவு தெளிவாக எழுதப்பட்ட காட்சி வேறில்லை. கருந்துளையின் தோற்றத்துக்கு இயற்பியலாளர் கிப் தோர்ன் சமன்பாடுகள் கொடுத்தார். பிறகு அன்புதான் எல்லாத் தூரத்தையும் கடக்கும் என்று ஆன் ஹாத்வே பேசத் தொடங்கியதும் நான் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். அதே கிறிஸ்டோஃபர் நோலனின் 'டெனெட்' (2020) நிஜ விமானத்தைக் கட்டடத்தில் மோதியது. வசனத்தைக் காதில் விழாமல் செய்தது. காலம் முன்னும் பின்னும் ஓடும் சண்டையை வரைய இரண்டு தாள் தேவைப்பட்டது. இரண்டையும் கிழித்துவிட்டேன்.

குற்றப் படங்களில் 'ஃபார்கோ' (1996) எடுத்த கோயன் சகோதரர்களுக்கு நில அளவையில் பயிற்சி இருந்திருக்க வேண்டும். மினசோட்டா, கண்ணுக்கெட்டிய தூரம் வெண்பனி. எண்பதாயிரம் டாலர்தான் மீட்புத்தொகை என்று நம்பிய ஸ்டீவ் புசெமியின் கையில் பத்து லட்சம் டாலர் பெட்டி சிக்குகிறது. எண்பதாயிரத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தைச் சாலையோரம் வேலி ஓரமாகப் பனியில் புதைக்கிறார். புதைத்துவிட்டு அடையாளத்துக்காக இடப்பக்கம் பார்க்கிறார்: வேலிக்கால்கள், பனி. வலப்பக்கம்: அதே வேலிக்கால்கள், அதே பனி. யோசித்து, கார் கண்ணாடியில் பனி சுரண்டும் சிறு கரண்டியை அந்த இடத்தில் நட்டு வைக்கிறார். திருப்தியோடு போய்விடுகிறார். நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். நிலையான இரண்டு புள்ளிகளிலிருந்து அளவு எடுக்காமல் நட்ட கல் எதற்கும் உதவாது என்று இதைவிடத் தெளிவாக எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லித்தரவில்லை. தொடக்கத்தில் இது உண்மைக் கதை என்று எழுதிக் காட்டுவார்கள்; அதை நம்பாதீர்கள். ஏழு மாதக் கர்ப்பிணியான காவல்துறைத் தலைவராக ஃபிரான்சஸ் மெக்டோர்மண்ட், அவரை நம்பலாம்.

அதே சகோதரர்களின் 'நோ கன்ட்ரி ஃபார் ஓல்ட் மென்' (2007) படத்தில் இசை இருப்பதே தெரியாது. பணப்பெட்டியை விடுதி அறையின் காற்றுக் குழாய்க்குள் தள்ளிவைக்கிறான் ஒருவன். பிறகு அதே விடுதியில் பின்பக்கம் ஒட்டியிருக்கும் இன்னோர் அறையை எடுத்து, கூடாரக் கம்பிகளைக் கட்டி நீட்டி மறுமுனையிலிருந்து பெட்டியை இழுக்கிறான். துரத்துபவனிடம் நெருங்க நெருங்க வேகமாகக் கூவும் கருவி. சுவருக்கு இந்தப் பக்கம் இவன், அந்தப் பக்கம் அவன். 'சிகாரியோ' (2015) படத்தையும் இங்கே சேர்க்கலாம்: எமிலி பிளண்டுக்கு யாரும் எதையும் சொல்லாமல் மெக்சிகோ எல்லைக்கு இழுத்துப் போகிறார்கள், நம்மையும் அப்படித்தான். அது திட்டமிட்ட இருட்டு.

டேவிட் ஃபின்ச்சரின் 'ஸோடியாக்' (2007) மெதுவான படம், அலுப்பு என்று சொல்பவர்கள் எந்த அரசு அலுவலகத்திலும் கோப்பு தேடியதில்லை. கொலைகள் வலேஹோ, நாபா, சான் பிரான்சிஸ்கோ என்று வெவ்வேறு காவல் எல்லைகளில் நடக்கின்றன. ஒவ்வோர் எல்லைக்கும் தனி அதிகாரி, தனி அலமாரி. ஆவணத்தை அனுப்பச் சொன்னால் தொலைநகல் இயந்திரம் இல்லை என்கிறார்கள். இரண்டு வட்டங்களின் எல்லையில் கிடக்கும் நிலத்துக்காக இரண்டு அலுவலகப் படியும் ஏறி இறங்கியவர்களுக்கு இந்தப் படம் திகில் படம்.

'சைனாடவுன்' (1974) படத்தைக் கடைசியாக வைத்ததற்குக் காரணம், இது என் துறையின் படம். 1937-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ். ஊரில் கடும் வறட்சி. ஆனால் இரவில் யாரோ தண்ணீரைத் திறந்துவிட்டு வீணாக்குகிறார்கள். குடிநீர்த் துறையின் தலைமைப் பொறியாளர் முல்ரே இறந்து கிடக்கிறார். நுரையீரலில் உப்பு நீர். துப்பறியும் ஜேக் கிட்டெஸாக ஜாக் நிக்கல்சன், மூக்கில் பெரிய கட்டோடு படத்தின் பாதியைக் கடக்கிறார். எந்த நட்சத்திரம் இன்று ஒப்புக்கொள்வார்?

துப்பு கிடைப்பது துப்பாக்கியால் இல்லை, நிலப் பதிவேட்டால். ஆவணக் காப்பகத்துக்குப் போய்ப் பள்ளத்தாக்கு நிலங்களின் பதிவுப் புத்தகத்தைக் கேட்கிறார். சிடுசிடுப்பான இளம் எழுத்தர் வெளியே எடுத்துப்போகக் கூடாது என்கிறார். அப்படியானால் வரிகளைப் படிக்க ஓர் அளவுகோல் கொடுங்கள் என்று பணிவாகக் கேட்டு வாங்குகிறார் கிட்டெஸ். அளவுகோலைப் பக்கத்தின் மேல் வைத்து, பலமாக ஓர் இருமல்; அந்தச் சத்தத்தில் தாளைக் கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார். பார்த்தபோது எனக்கு ரத்தம் கொதித்தது. பதிவேட்டில் கைவைப்பவனை நாயகன் என்று ஏற்க என் மனம் இடம் கொடுக்கவில்லை. ஆனால் அந்தப் பக்கத்தில் இருப்பது என்ன? அண்மையில் நிலம் வாங்கியவர்களின் பட்டியல். அதில் ஒருவர் நிலம் வாங்குவதற்கு ஒரு வாரம் முன்பே இறந்துபோனவர். மற்றவர்கள் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார்கள். தங்கள் பேரில் ஏக்கர் கணக்கில் நிலம் இருப்பதே அந்தப் பாட்டிகளுக்குத் தெரியாது. பினாமி. இதைக் கண்டுபிடிக்க ஹாலிவுட்டுக்கு ஒரு முழுப் படம் தேவைப்பட்டது. எங்கள் ஊர் ஆவண எழுத்தர் எவரும் வில்லங்கச் சான்றைப் பார்த்ததும் ஒரு வாய் வெற்றிலை போட்டுக்கொண்டு சொல்லியிருப்பார்.

கதை கற்பனை, அடித்தளம் கற்பனையில்லை. ஓவன்ஸ் பள்ளத்தாக்கின் தண்ணீர் 1913-ல் நீண்ட கால்வாய் வழியாக லாஸ் ஏஞ்சலிஸுக்கு வந்தது. தண்ணீர் வரப்போவதை முன்கூட்டி அறிந்த செல்வாக்குள்ளவர்கள் சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கில் நிலத்தை வாங்கிப்போட்டிருந்தார்கள். அந்தக் கால்வாயைக் கட்டிய வில்லியம் முல்ஹாலண்டின் சாயல் முல்ரே பாத்திரத்தில் இருக்கிறது. முல்ஹாலண்ட் கட்டிய செயின்ட் ஃபிரான்சிஸ் அணை 1928-ல் உடைந்து நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முன்பு ஓர் அணை உடைந்ததால் இன்னொன்றைக் கட்ட மாட்டேன் என்று படத்தில் முல்ரே மறுப்பது அதன் எதிரொலி. திரைக்கதை எழுதிய ராபர்ட் டவுன் அந்தக் காலக்கணக்கை இருபது ஆண்டுக்கு மேல் தள்ளிவைத்தார். எனக்கு ஆட்சேபணை இல்லை. பதினொரு பரிந்துரைகளில் அவருக்கு மட்டும்தான் ஆஸ்கர் கிடைத்தது.

டவுன் எழுதிய முடிவு இவ்வளவு கொடுமையானதில்லை. இயக்குநர் போலன்ஸ்கி அதை மாற்றி, குற்றவாளிக்கு எல்லாமே கிடைக்கும்படி செய்துவிட்டார். நில விவகாரம் தெரிந்தவன் என்ற முறையில் என் ஓட்டு போலன்ஸ்கியின் முடிவுக்கு. 1990-ல் நிக்கல்சனே இயக்கி இதன் தொடர்ச்சியாக 'தி டூ ஜேக்ஸ்' என்று ஒரு படம் வந்தது. தண்ணீருக்குப் பதில் எண்ணெய். பாதியில் தூங்கிவிட்டேன், மீதியைப் பார்க்கச் சொல்லி இதுவரை யாரும் வற்புறுத்தவில்லை.